ஒண்ணே ஒண்ணு அக்கா

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க அண்ணே, போதும். அதுக்கு மேல உங்க நேரத்தை எடுக்க மாட்டேன்.”

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, வலது கையால் மௌஸை மெல்ல நகர்த்தி, திரையில் ஒரு வாலிபரின் காதோரத்தைக் கத்தரித்துக்கொண்டிருக்கிறாள் அக்கா. திரையில்தான் அவர் வாலிபர். அடையாள அட்டைக்காகப் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்த படம் அது. நிஜ ஆளுக்கு முன்மண்டை முழுக்க வழுக்கை விழுந்துவிட்டது. அது அக்காவுக்குத் தெரியாது. அவரை அவள் நேரில் பார்த்ததில்லை.

“அவரா? நல்ல மனுஷன்மா,” என்கிறது மறுமுனை.

“நல்ல மனுஷன்ங்கிறதை எப்படி அண்ணே படமா போடுறது? நானூத்திப் பன்னெண்டு பேரும் நல்லவங்கதான். வேற சொல்லுங்க. கோவம் வந்தா என்ன பண்ணுவாரு?”

மறுமுனை யோசிக்கிறது. பின்னணியில் ஏதோ இயந்திரம் உறுமுகிறது. “கோவம் வந்தா மிஷினைத் துடைப்பாரு. ஒருத்தரையும் திட்ட மாட்டாரு. எண்ணெய் போட்டுப் பளபளன்னு துடைச்சிட்டு, வந்து உக்காந்துக்குவாரு.”

“அதுதான்! அது போதும்.” போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனை வைத்துவிடுகிறாள். இந்த மரியாதைக் குறைவுக்கு இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. தொழிற்சாலை முழுக்க அவளுக்குப் பெயரே ‘ஒண்ணே ஒண்ணு அக்கா’தான்.

குழாய் செய்கிற தொழிற்சாலை அது. பித்தளையை உருக்கி வார்ப்பது ஒரு கூடம், கடைவது ஒரு கூடம், முலாம் பூசுவது ஒன்று, தண்ணீர் விட்டுக் கசிவு பார்ப்பது இன்னொன்று. அங்கே வேலைக்குச் சேர்ந்த நாள் வருஷா வருஷம் திரும்பி வரும்போது, அந்த ஆளின் பெயரும் படமும் எத்தனை வருஷம் என்கிற எண்ணும் போட்ட ஒரு வாழ்த்துப் படம் காலை பத்து மணி டீ நேரத்தில் கேன்டீன் டிவியில் தோன்றும். ஆபீஸ் குரூப்பிலும் வரும். அந்தப் படங்களைச் செய்வதுதான் அக்காவின் வேலை. எச்.ஆர். அறைக்குப் பின்னால், பழைய ரிஜிஸ்டர்கள் அடுக்கியிருந்த ஒரு பொந்தைக் காலி செய்து அவளுக்கு மேசை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஜன்னல் கிடையாது. காலண்டர் மட்டும் மூன்று மாட்டியிருக்கிறது.

நீலப் பின்னணி, தங்க நிறத்தில் எண், இரண்டு பக்கமும் பலூன். இதெல்லாம் மேலிடத்து உத்தரவு, கை வைக்கக் கூடாது. உத்தரவு போட்டவர்கள் மறந்து விட்டது வலது கீழ் மூலை ஒன்றைத்தான். கட்டைவிரல் அகல இடம். அந்த இடத்தை அக்கா தனக்கென்று எடுத்துக்கொண்டாள். அதில் அந்த ஆளுக்கே உரிய ஏதாவது ஒன்றைச் சின்னதாக வரைவாள். லாரியில் ஏறுமுன் தினமும் முன் டயரை ஓர் உதை விட்டுவிட்டு ஏறுகிற டிரைவருக்கு ஒரு செருப்புக் காலும் டயரும். கசிவு பார்க்கிற அம்மாவுக்குக் கடித்துக் கடித்துத் தும்பாகிப்போன பென்சில். வார்ப்புக் கூடத்துக்காரருக்கு நாலாய் உடைத்த பிஸ்கட், அதில் ஒரு துண்டை முகர்ந்து பார்க்கும் பூனை. மேனேஜர்கள் யாரும் அந்த மூலையைக் கவனித்ததே இல்லை. அவர்கள் பார்வை தங்க எண்ணோடு நின்றுவிடும். கவனித்திருந்தால் அதற்கும் ஒரு உத்தரவு வந்திருக்கும்.

எண்களைப் பற்றி அவளுக்கு ஒரு கருத்து உண்டு. “ஒண்ணு எழுதினா ரெண்டு பக்கமும் வெறிச்சுன்னு கிடக்கு. பத்து வந்தாத்தான் பக்கத்துல பேச்சுத் துணைக்கு ஆள் வந்த மாதிரி இருக்கு.”

அவள் தொழிலுக்கு இரண்டு விதிகள். முதலாவது, சம்பந்தப்பட்ட ஆளிடமே கேட்கக் கூடாது. “கேட்டு வாங்கினா அது வாழ்த்தா? விண்ணப்பம்.” இரண்டாவது, விசாரிக்கும்போது பெயரைச் சொல்லக் கூடாது. பெயரைச் சொன்னால் ஜனங்கள் உஷாராகிவிடுகிறார்கள். உடனே நல்லவர், வல்லவர் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால் அவள் அடையாளம் மட்டும் சொல்வாள். கடைசல் மிஷின்ல மூணாவதா நிப்பாரே, உசரமா ஒருத்தர். பேக்கிங்ல டேப் ஒட்டுவாங்களே, சிரிச்ச முகமா ஒருத்தங்க. அப்படிச் சொன்னால் பெயர் மறைந்து ஆள் கண்முன் வந்து நிற்கிறார், வாய் தானாகத் திறந்துகொள்கிறது என்பது அவள் கண்டுபிடிப்பு. கெட்டிக்காரத்தனம்தான். அந்தக் கெட்டிக்காரத்தனமே அவளை ஒரு நாள் கவிழ்த்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பத்து மணிக்குச் சரியாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது அக்கா கேன்டீனுக்கு வந்துவிடுவாள். கடைசி மேசை, தூணுக்குப் பக்கத்து நாற்காலி. டீயைத் தொட மாட்டாள். டிவியில் படம் வரும். கை தட்டுவார்கள். அந்த ஆள் கூச்சத்தோடு நெளிவார். அக்கா காத்திருப்பது அதற்கல்ல. நெளிந்து முடித்த பிறகு அவர் கண் மெதுவாகக் கீழே இறங்கி மூலைக்கு வரும். ஒரு கணம் ஒன்றும் புரியாது. அப்புறம் சிரிப்பு ஒன்று வெடிக்கும். இது யாருக்குத் தெரிந்தது என்று சுற்றிலும் பார்ப்பார். அந்தப் பார்வை தூண் வரைக்கும் வருவதற்குள் அக்கா எழுந்து போயிருப்பாள். குரூப்பில் ‘நன்றி எச்.ஆர். டீம்’ என்று கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழும். எச்.ஆர். டீம் கட்டைவிரல் காட்டும்.

வயது நாற்பத்தேழு. மூன்றாவது மாடியில் ஓர் அறையும் சமையலறையும். அண்ணன் குடும்பம் வேறு ஊருக்குப் போய் ஆறு வருஷமாகிறது. ஞாயிற்றுக்கிழமை அண்ணி கூப்பிடுவாள். “சாப்டியா?” “சாப்டேன் அண்ணி.” “உடம்பு?” “நல்லா இருக்கு.” “சரி, வெச்சிடட்டா?” என்று ஒன்றரை நிமிஷத்தில் உறவு முடிந்துவிடும். அண்ணன் மகள் சின்ன வயதில் அத்தை அத்தை என்று காலைச் சுற்றியவள். இப்போது அவள் பரீட்சைக்குப் படிக்கிறாளாம், பேச நேரமில்லையாம். அக்கா யாரையும் குறை சொல்வதில்லை. ஆனால் அந்த ஒன்றரை நிமிஷத்துக்குப் பிறகு அன்றைக்கு முழுக்க அவள் யாரோடும் பேசுவதற்கில்லை. போன மழைக்காலத்தில் சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. சரிசெய்ய வந்தவர், “நீங்க குழாய் கம்பெனிலதானே வேலை பாக்கிறீங்க? அங்கேயே ஒண்ணு எடுத்துட்டு வரக் கூடாதா?” என்று கேலி பேசியபடி இருபது நிமிஷம் உட்கார்ந்து வேலை செய்தார். அவர் போன பிறகு, குழாய் இன்னொரு நாள் சொட்டினால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. ஊரெல்லாம் உறவு, ஒரு வாய்ச் சோறில்லை என்பார்களே, அது அவளுக்கு அப்படியே பொருந்தும். நானூற்றுப் பன்னிரண்டு பேர் கோபித்துக்கொண்டால் என்ன செய்வார்கள் என்பது வரை அவளுக்குத் தெரியும். அவள் கோபித்துக்கொண்டால் என்ன செய்வாள் என்று கேட்க ஓர் ஆள் கிடையாது.

போன மாதம் பட்டியலில் ஒரு இருபத்தைந்து வந்தது.

இருபத்தைந்து என்றால் விஷயம் பெரிது. டிவியோடு போகாது. பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, எம்.டி. கையால் கொடுத்து, கேன்டீன் சுவரில் நிரந்தரமாக மாட்டிவிடுவார்கள். ஆள், கேஜ் ரூம்காரர். வெர்னியர், மைக்ரோமீட்டர் முதலான அளவுக் கருவிகளைப் பூட்டிப் பாதுகாத்து, அளவு பிசகாமல் சோதித்து, கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற அறை அது. அங்கே அவர் ஒருவர்தான். அக்கா பழைய கோப்பைத் திறந்து, ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவருக்குச் செய்த படத்தைப் பார்த்தாள். மூலையில் ஒரு தூண்டில், அதன் நுனியில் துள்ளும் மீன். அப்போதுதான் அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது. நன்றாகத்தான் வரைந்திருந்தாள்.

நடு வருஷங்களுக்கு அதே மூலையை அப்படியே ஒட்டிவிட்டாலும், ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதிதாக வரைவது அவள் வழக்கம் என்பதால், வேறு ஒன்று கேட்கப் போனை எடுத்தாள். இந்த முறை அடையாளம் சொல்லத் தேவையே இருக்கவில்லை. கேஜ் ரூம் என்று வாயெடுத்ததுமே கடைசல் போர்மேன் சிரித்தார். “நம்ம மீன்காரரா!”

“மீன் போட்டாச்சு அண்ணே. வேற ஒண்ணே ஒண்ணு.”

“வேறயா? ஏரிலதான் பிடிப்பாராம், கடலுக்கெல்லாம் போறதில்லையாம்.”

“அதுவும் மீன்தானே?”

“வேற என்னம்மா இருக்கு அவருகிட்ட?”

முலாம் கூடத்தில் கேட்டாள். மீன். பேக்கிங்கில் கேட்டாள். ஒரு தடவை ஆள் உயரத்துக்கு ஒன்று சிக்கி, படகையே இழுத்துக்கொண்டு போயிற்றாம். கேன்டீன் மாஸ்டரிடம் கேட்டாள். மண்புழுவைவிடக் கோதுமை உருண்டைதான் நல்ல இரை என்று அவர் சொல்லிக் கொடுத்தாராம். எங்கே கேட்டாலும் அரைத்த மாவையே அரைத்தார்கள். கடைசியில் சலித்துப்போய், கசிவு பார்க்கிற பெண்ணிடம் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தாள்.

“சரி, நான் அந்தப் படம் போடறதுக்கு முன்னாடி அவரைப் பத்தி என்ன தெரியும், சொல்லு.”

“முன்னாடியா?” என்றாள் அந்தப் பெண். “முன்னாடி அவரு யாருன்னே எனக்குத் தெரியாதேக்கா.”

அக்கா போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு மனுஷனுக்குத் தொழிற்சாலை முழுக்க ஓர் அடையாளம் கொடுத்திருக்கிறாள். அந்தப் பெருமையோடேயே, ஐந்து வருஷத்துக்கு முன்னால் தூண்டில் சேதியைத் தந்த சூப்பர்வைசரின் எண்ணைத் தேடி எடுத்தாள். அவர் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறார். அவருக்கு இன்னும் ஏதாவது தெரிந்திருக்கும்.

“கேஜ் ரூம்காரரா? மீனா?” என்றார் அவர். “ஐயய்யோ, மீன் பிடிக்கிறவரு முலாம் கூடத்துல இருந்தாரேம்மா, குட்டையா ஒருத்தர். அவரு வேலையை விட்டே அஞ்சு வருஷம் ஆகப் போகுது.”

“நீங்கதானே அண்ணே எங்கிட்டச் சொன்னீங்க?”

“நீ என்ன கேட்டே? ‘ஜன்னல்கிட்டத் தனியா உக்காந்து வேலை பாப்பாரே, அமைதியா ஒருத்தர்’னு கேட்டே. முலாம் கூடத்துக்காரரும் ஜன்னல்கிட்டத்தான் உக்காருவாரு. அவரும் வாய் திறக்க மாட்டாரு. நான் அவரைத்தான் நெனச்சேன். கேஜ் ரூம்காரரைப் பத்தி எனக்கு என்னம்மா தெரியும்?”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. அமைதியான ஆட்கள் இரண்டு பேர் இருக்கக்கூடும் என்பது அவளுக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. ஒருவருடைய மீனை எடுத்து இன்னொருவர் மூலையில் போட்டிருக்கிறாள். இத்தனை வருஷமும் மூலையில் பொய் வரைந்ததில்லை என்று தன்னை மெச்சிக்கொண்டிருந்தவள் அந்தப் பழைய படத்தை மறுபடி திறந்து பார்த்தாள். அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருந்தது. ஏரி, கோதுமை உருண்டை, படகை இழுத்த மீன், இதெல்லாம் எங்கிருந்து வந்தது?

விதியை மீறி, முதல் தடவையாக ஆளையே பார்க்கப் போனாள்.

கேஜ் ரூமுக்கு ஒரு சின்ன ஜன்னல் உண்டு. பாதிக்கு மேல் தகடு அடித்திருக்கும். இடுப்பு உயரத்தில் இருக்கிற திறப்பில் டோக்கனைப் போட்டால், உள்ளேயிருந்து ஒரு கை வந்து கருவியைக் கொடுக்கும். முகம் பார்க்க வேண்டுமானால் குனிய வேண்டும். அக்கா பக்கத்துக் கதவைத் தட்டித் திறந்தாள்.

“கதவைச் சாத்துங்க மேடம், அரை டிகிரி ஏறிடும்,” என்றது ஒரு குரல். அளவுக் கருவிகளுக்காக வருஷம் முழுக்க ஒரே குளிரில் வைத்திருக்கும் அறை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, அவர் ஸ்வெட்டரும் கழுத்தில் துண்டுமாக உட்கார்ந்திருந்தார். அறுபதை எட்டுகிற வயது. அவருடைய பழைய அடையாள அட்டைப் படத்தில் அவள் பார்த்த காதுகள் மட்டும் அப்படியே இருந்தன.

“ஒண்ணே ஒண்ணுங்களா?” என்றார்.

“ஆமா அண்ணே.” சுற்றி வளைக்க அவளுக்கு வரவில்லை. “அந்த மீன் நான் பண்ணின தப்பு. வேற ஒருத்தரோடதைத் தூக்கி உங்களுக்குப் போட்டுட்டேன். மன்னிச்சிடுங்க.”

அவர் கையிலிருந்த மைக்ரோமீட்டரை மெல்லிய துணியால் துடைத்து, பெட்டியில் வைத்து, மூடினார். பிறகுதான் வாய் திறந்தார்.

“மீன் பிடிக்கிறது இருக்கட்டும், நான் மீன் சாப்பிடறதே இல்லை மேடம். முள்ளுன்னா பயம். தண்ணின்னா அதுக்கு மேல பயம்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணே.”

“சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். படம் போட்ட அன்னிக்கு, பத்தேகாலுக்கு, கடைசல்லேர்ந்து ஒரு தம்பி டோக்கன் போட வந்தான். ‘அண்ணே, நீங்க மீன் பிடிப்பீங்களா?’ன்னு கேட்டுக்கிட்டே குனிஞ்சு உள்ள பாத்தான். இருபது வருஷத்துல அந்த ஜன்னல்ல குனிஞ்ச மொத ஆளு அவன்தான்.” கொஞ்சம் நிறுத்தினார். “இல்லைன்னு சொன்னா நிமிந்துடுவான்ல? அதான், ‘எப்பவாவது போவேன்’னு சொல்லிட்டேன்.”

அக்கா பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

“மறுநாள் ரெண்டு பேர் குனிஞ்சாங்க. எந்த ஏரி, என்ன இரைன்னு கேட்டாங்க. எனக்கு என்ன தெரியும்? ஞாயித்துக்கிழமை மீன் மார்க்கெட்டுக்குப் போய் ஓரமா நின்னு, அவங்க பேசறதைக் கேட்டுட்டு வர ஆரம்பிச்சேன். திங்கக்கிழமைக்குச் சொல்றதுக்கு ஏதாவது வேணுமே. நான் எங்க அக்கா வீட்டு மாடி ரூம்லதான் இருக்கேன். ‘மீனே வாங்காம ஏண்டா மீன் வாடையோட வர்றே?’ன்னு அவங்க திட்டறாங்க.” சிரித்தார். “பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காதும்பாங்க. எனக்குப் பொய் சொன்னப்புறம்தான் மேடம், கூட உக்காந்து டீ குடிக்க ஆள் கிடைச்சுது.”

“படகை இழுத்துக்கிட்டுப் போன மீனு?”

“அது நான் சொல்லலை. பேக்கிங்ல அவங்களா சேத்துக்கிட்டாங்க.”

“சரி, அந்தப் பேச்சு கிடக்கட்டும். நிஜமாவே உங்களைப் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க அண்ணே. இந்தத் தடவை அதை வரையறேன்.”

அவர் யோசித்தார். நிஜமாகவே மெனக்கெட்டு யோசித்தார். அறையைச் சுற்றி, பெட்டிகளை, சுவரிலிருந்த வெப்பமானியை, தன் கைகளைப் பார்த்தார். தொலைந்துபோன பொருளைத் தேடுகிறவர்போல் இருந்தது அந்தப் பார்வை. கடைசியில் வெட்கத்தோடு சொன்னார்: “ஒண்ணும் இல்லையே மேடம்.”

குளிர் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பேச்சை மாற்ற நினைத்தார் போலிருக்கிறது. “உங்க வாழ்த்துப் படத்துலகூட மூலை காலியாத்தானே இருந்துச்சு? இந்த வருஷம், போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம். அளவு பாத்து எடம் விட்டிருக்கீங்க, ஒண்ணும் போடலை. ஏன் மேடம்?”

தன் படத்தை ஒருவர் அந்த மூலை வரைக்கும் பார்த்திருக்கிறார் என்று அவள் நினைத்ததே இல்லை. “எனக்கு நான் யார்கிட்ட அண்ணே போன் பண்ணிக் கேக்கிறது?” என்றாள்.

அவள் எழுந்தபோது அவரும் எழுந்தார்.

“மேடம், அந்த மீனை மட்டும் எடுத்துடாதீங்க. சுவத்துல மாட்டப் போற படம் வேற. எடுத்துட்டா ஏன் எடுத்தாங்கன்னு ஒருத்தர் கேப்பாரு. அப்புறம் எல்லாரும் நிமிந்துடுவாங்க.”

“பொய்யை வரைஞ்சு எனக்குப் பழக்கமில்லையே அண்ணே,” என்று மட்டும் சொல்லிவிட்டு, அரை டிகிரி ஏறாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அச்சுக்கு அனுப்ப வேண்டும். மத்தியானமே அவள் மூலையை வரைந்து முடித்துவிட்டாள். பாதி அடைத்த ஜன்னல், அதிலிருந்து நீளும் ஒரு கை, கையில் ஒரு வெர்னியர். கோடு ஒன்று பிசகவில்லை. அச்சு அசல் நிஜம். இவ்வளவு தனியான ஒரு படத்தை அவள் வரைந்ததே இல்லை. இதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால், நாள்தோறும் நானூறு பேர் அதன்கீழ் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். ஒருவரும் குனிந்து பார்க்க மாட்டார்கள். ஐந்தரைக்கு அச்சகத்திலிருந்து ஆள் வந்து வாசலில் நின்றார். மேனேஜர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். “என்னம்மா, பலூன் போட்டாச்சில்ல? அப்புறம் என்ன லேட்டு?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனார். அவர் பார்ப்பதெல்லாம் பலூன்தான். ஆறு மணிக்கு அக்கா கையையும் ஜன்னலையும் அழித்தாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கேன்டீன் நிரம்பி வழிந்தது. எம்.டி. துணியை விலக்கினார். நீலம், தங்க நிறத்தில் இருபத்தைந்து, இளவயதுக் காதுகளோடு ஒரு முகம். வலது கீழ் மூலையில் ஒரு மீன், போன தடவையைவிடக் கொழுத்து, துள்ளிக்கொண்டு. “மீன்காரரே!” என்று கடைசல் கூடம் கத்தியது. மேசைகளைத் தட்டினார்கள். அவர் ஸ்வெட்டரோடு நின்று, மூலையை ஒரு முறை பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார். அவர் கண் கலங்கியிருந்ததை அக்கா தூணோரத்திலிருந்து பார்த்தாள். வழக்கப்படி அவள் எழுந்து போயிருக்க வேண்டிய நேரம். டீ கிளாஸைக் கையில் எடுத்தவள் எழாமலே இருந்தாள்.

“அந்தப் படகை இழுத்த மீனு கதையை எம்.டி. சாருக்குச் சொல்லுங்கண்ணே!” என்று பேக்கிங்கிலிருந்து ஒரு குரல்.

“எந்த ஏரி அது?” என்று இன்னொரு குரல் குறுக்கிட்டது. லாரிப் பிரிவில் சேர்ந்து நாலு மாதமே ஆன டிரைவர். உண்மையிலேயே தூண்டில் போடுகிறவர். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, ஆசையாகத்தான் கேட்டார். “நான் இருபது வருஷமா இங்க இருக்கற எல்லா ஏரிலயும் தூண்டில் போடறேன். படகை இழுக்கற மீனெல்லாம் கிடையாதே! எவ்வளவு பெருசு இருக்கும் அது?”

சிரிப்பு அடங்கியது. எம்.டி.யும் ஆவலாகத் திரும்பினார். முடியிழையில் பத்தில் ஒரு பங்கை அளந்து சொல்லுகிற மனிதர், இல்லாத மீனின் அளவைச் சொல்லத் தெரியாமல் நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். “அது... அது வந்து...” என்றார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். டிரைவருக்கே சங்கடமாகிவிட்டது. “யாராவது பாத்தீங்களா, அந்த மீனை?” என்று பொதுவாகச் சிரித்து மழுப்பினார். ஒருவரும் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவர்களுக்கே உறைத்தது.

“நான் பாத்தேன்,” என்றது தூணோரம்.

கேன்டீன் மொத்தமும் கடைசி மேசைப் பக்கம் திரும்பியது. யார் பேசியது என்று பாதிப் பேருக்குத் தெரியவில்லை. போனில் கேட்ட குரல்தான், முகத்தை அவர்கள் கவனித்ததில்லை. அக்கா டீ கிளாஸை மேசைமேல் வைத்தாள். எழுந்து நின்று, இரண்டு கைகளையும் பக்கத்துக்கு ஒன்றாக நீட்டினாள். போதாது என்று பட்டதோ என்னவோ, விரல்களையும் விரித்து, எட்டிய மட்டும் இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.